வராத பிள்ளைக்கு இரண்டு கோடு

ஜூலை 2, புதன்

கோபம் வந்தால் யார் மேலும் பாயாமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ரத்த அழுத்தம் நூற்று அறுபதைத் தாண்டிவிட்டதாம். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். ஒரே ஒரு நாள் எங்கள் பள்ளியில் வந்து உட்கார்ந்தால் அவரும் நோட்டு வாங்கக் கடைக்கு ஓடுவார்.

சரி, எழுதுகிறேன். இன்றைய கோபம் ஒன்று: பக்கத்துத் தனியார் பள்ளியின் மஞ்சள் பஸ் எங்கள் கேட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கேட்டால் டிரைவர், "உள்ள போறதுக்கு உங்களுக்கு அப்படி எத்தன பேருங்க இருக்காங்க?" என்கிறான். இரண்டு: பெண் பிள்ளைகள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நான்கு கடிதம் போட்டாயிற்று. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மூன்று: சத்துணவுக்கு அரிசி இறக்க வந்த ஆள், "இது இந்திக்காரப் பசங்க ஸ்கூலுங்களா?" என்றான். இது மாநகராட்சி நடுநிலைப் பள்ளி, இங்கே படிக்கிற அத்தனை பேரும் இந்த ஊர்ப் பிள்ளைகள் என்று அவனுக்குப் பாடம் எடுத்துவிட்டேன். அதில்தான் அழுத்தம் ஏறியிருக்கும்.

எட்டு அறை, சுற்றிலும் பனியன் கம்பெனி, காலையிலிருந்து தையல் மிஷின் சத்தம். என் எட்டாம் வகுப்பில் இருபத்து மூன்று பேர். வீட்டில் பேசும் மொழி மட்டும் ஆறு. தமிழ், தெலுங்கு, உருது, இந்தி, நேபாளி, ஒடியா. அறிவியல் பாடத்தை நான் தமிழில் சொல்ல, பின் பெஞ்சில் அது நான்கு மொழியாகப் பிரிந்து போகும். பிரித்துக் கொடுப்பது பெரும்பாலும் லிபிகா சாஹு. ஒடிசாக்காரி, பதின்மூன்று வயது. மூன்றாம் வகுப்பில் ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் வந்தவளாம். இப்போது நான் கரும்பலகையில் ஒரு தேதியைத் தப்பாக எழுதினால்கூடக் கையைத் தூக்கிவிடுவாள். பெற்றோர் கூட்டத்தில் அவள்தான் பாதிப் பேருக்கு மொழிபெயர்ப்பாளர். அவள் அப்பா சூரத்தில். அம்மா மினதி இங்கே ஒரு பனியன் கம்பெனியில் நூல் பிசிர் வெட்டுகிறாள்.

லிபிகா போன வாரத்திலிருந்து வரவில்லை. ஒடிசாவில் ஜெகந்நாதர் தேர்த் திருவிழா சமயம். ஊருக்குப் போயிருப்பாள்.

ஜூலை 9, புதன்

ஹெச்.எம். ஆறுச்சாமி சார் அறையில் கூட்டம். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி எண்ணிக்கைதான் கணக்காம். ஆறு முதல் எட்டு வரை அறுபத்தொரு பிள்ளைகள் இருந்தால் நான்கு ஆசிரியர். அறுபது என்றால் மூன்று. நான்காமவர் உபரி. உபரியை எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம். நம்மிடம் இருப்பது சரியாக அறுபத்தொன்று.

"ஊருக்குப் போன புள்ளைகளுக்கு ஆப்சென்ட் போட்டுட்டே இருக்க வேண்டாமுங்க" என்றார் சார். "பத்து நாள் சேந்தாப்புல செவப்பு விழுந்தா வீட்டுக்குத் தேடி ஆளு வரும். அப்பறம் நம்ம ரெஜிஸ்டர்ல இருந்தே பேரு விழுந்துரும். எப்படியும் திரும்பி வாற புள்ளைகதானுங்களே."

இது ஒன்றும் புதிதல்ல. ஹோலிக்குப் போவார்கள், சட் பூஜைக்குப் போவார்கள், அறுவடைக்குப் போவார்கள். மாதம் கழித்து எண்ணெய் வழிகிற தலையோடு ஒரு பை பொரியும் கொண்டுவந்து நிற்பார்கள். நடுவில் பெயரை அடித்துவிட்டால் திரும்பச் சேர்க்க ஆதார் கொண்டா, மாற்றுச் சான்றிதழ் கொண்டா என்று அலைக்கழிப்பார்கள். அதனால் ஊருக்குப் போன பிள்ளைக்கும் கோடு போட்டுவிடுவது இந்தப் பள்ளியின் வழக்கம். காலையில் ஒரு கோடு, மதியம் அதன் குறுக்கே ஒரு கோடு. கைப்பேசியில் இருக்கும் வருகைச் செயலியில் பச்சை. லிபிகாவுக்கும் முதல் நாளிலிருந்து அப்படித்தான்.

விதி எழுதுகிறவன் பிள்ளைகளைப் பார்த்தா எழுதுகிறான்? பெனாசிர் டீச்சருக்கு எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. பால் கொடுக்கிறவளை நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போடுவார்களா? அதற்காகவே இன்றும் போட்டேன். லிபிகாவுக்குக் கோடு போட்டது பெனாசிருக்காக.

ஜூலை 17, வியாழன்

தாழ்ப்பாளுக்கு ஐந்தாவது கடிதம்.

சத்துணவு அமைப்பாளர் பாப்பாத்தியக்கா மதியம் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "டீச்சர், உங்க கிளாஸுக்கு இருவத்திமூணு முட்டைன்னு எழுதியிருக்கீங்க. திங்கறதுக்கு இருவத்திரண்டு வாய்தானுங்க இருக்குது."

"ஒண்ணு கூட இருந்தா யாருக்காவது குடுங்க" என்றேன்.

"குடுக்கறது பெருசில்லீங். நெதமும் ஒண்ணு மிச்சமாகுதுங்களே. அந்த ஒடியாக்காரப் புள்ள என்னாச்சுங்க? அது முட்டைல மஞ்சக்கருவை எடுத்து வெச்சுக் கடைசியாத் திங்கும்."

ஊருக்குப் போயிருக்கிறது என்று வெடுக்கென்று சொல்லி அனுப்பினேன். சோறு ஆக்குகிறவர் சோற்றைப் பார்த்தால் போதாதா? ஆளாளுக்கு என் பதிவேட்டுக்குள் மூக்கை நுழைக்கிறார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

லிபிகாவுக்குக் கோடு போட்டேன். இரண்டும்.

ஜூலை 24, வியாழன்

நேபாளிப் பையன் சுமன் எழுந்து, "டீச்சர், லிபிகா ஊருக்குப் போகல. கம்பெனி வேன்ல பாத்தேன்" என்றான். நான் ஒளிச்சிதறல் நடத்திக்கொண்டிருந்தேன். பாடத்தைக் கவனி என்றேன். இவன் போன மாதம் வாய்க்காலில் முதலை பார்த்ததாகச் சொன்னவன்.

ஜூலை 27, ஞாயிறு

மனது கேட்காமல் மினதி வீட்டுக்குப் போனேன். கம்பெனி கொடுத்த லைன் வீடு. பத்து அறை, பொதுக் குழாய் ஒன்று. மினதி தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வாசலுக்கு வந்தாள். உள்ளே திரை தொங்கிக்கொண்டிருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"லிபிகா எங்க?"

"ஊர், டீச்சர்."

"எப்ப வருவா?"

"வரும், டீச்சர்."

வாசலில் கழுவிக் கவிழ்த்த டிபன் டப்பா இரண்டு ஈரமாக இருந்தன. ஒருத்திக்கு எதற்கு இரண்டு என்று தோன்றியது. ஒன்று குழம்புக்காக இருக்கலாம். வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு வேளைக்கும் எடுத்துப் போவார்கள். சீக்கிரம் அனுப்பி வை என்று சொல்லிவிட்டு வந்தேன். வருகிற வழியெல்லாம் சாக்கடை. இந்த வீதிக்குச் சாக்கடை மூடி போடுவதாகச் சொல்லி மூன்று தேர்தல் போய்விட்டது. அதை நினைத்து வீடு வந்து சேரும் வரை கோபம்தான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அறுபத்தொன்று. சரிபார்த்துக் கையெழுத்தாகிவிட்டது. ஹெச்.எம். சார் மைசூர்பாகு வாங்கி வந்தார். நான் சாப்பிடவில்லை, சர்க்கரை.

என் வீட்டிலிருந்து பள்ளிக்கு ஏழு நிமிட நடை. பதினாறு வருடம் இரண்டு பஸ் மாறிப் போய், முதுகெலும்பு தேய்ந்து, போன வருடம்தான் இந்த மாறுதல் கிடைத்தது. இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பெனாசிர் பிழைத்தாள், அதுதான் செய்தி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

குழந்தைவேல் கம்பெனியில் தொழிலாளர் துறைக்காரர்கள் காலை பதினொரு மணிக்குச் சோதனை போட்டார்களாம். வயது குறைந்த பிள்ளைகளை வேனில் ஏற்றிப் போனதாக வீதி முழுக்கப் பேச்சு. குழந்தைவேல்தான் எங்கள் பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிக்கும் மிஷின் கொடுத்தவர். மினதி வேலை செய்வதும் அங்கேதான்.

சுமன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

காலையில் வழக்கம் போல் இருபத்து மூன்று கோடு போட்டிருந்தேன். மதியம் குறுக்குக் கோடும் போட்டேன். காலையில் வந்த பிள்ளை மதியம் இல்லை என்றால் அதற்கு வேறு காரணம் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

தொழிலாளர் துறையிலிருந்து ரெஜினா என்று ஓர் அலுவலர். முப்பது வயதுகூட இருக்காது. ஹெச்.எம். அறையில் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். நான் இருபத்தெட்டு வருடம் சாக்பீஸ் பிடித்தவள்.

விஷயம் இதுதான். சோதனையில் ஒரு பெண் கிடைத்திருக்கிறாள். பார்த்தால் பதின்மூன்று வயது. கம்பெனி ஓர் அட்டையைக் காட்டுகிறது. அதில் புஷ்பா சாஹு, வயது பத்தொன்பது, ஜனவரியில் ஒடிசாவிலிருந்து வந்தவள் என்று இருக்கிறது. மினதியின் நாத்தனாராம். மினதியின் மகள் லிபிகா வேறு, அவள் தினமும் பள்ளிக்குப் போகிறாள், வேண்டுமானால் பதிவேட்டைப் பாருங்கள் என்கிறார்களாம். பெண்ணும் தன் பெயர் புஷ்பா என்றே சொல்கிறாள். இப்போதைக்குக் குழந்தைகள் இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். இருபத்தொன்றாம் தேதி குழந்தைகள் நலக் குழு முடிவு சொல்லும். புஷ்பாதான் என்று முடிவானால் கம்பெனிக்கே திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

ஹெச்.எம். சார் பதிவேட்டை எடுத்து வைத்தார். ஆகஸ்ட் 12, லிபிகா சாஹு, இரண்டு கோடு. ரெஜினா அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு என்னிடம் ஒரு புகைப்படத்தை நீட்டினார். "டீச்சர், இது உங்க லிபிகாவா?"

படம் தெளிவாக இல்லை என்றேன்.

அந்தப் படத்தில் ஒரு பெண் துணிக்குவியல் நடுவே உட்கார்ந்திருக்கிறாள். இடது புருவத்தில் சின்ன வெட்டு. வலது கை நடுவிரலில் பேனா பிடித்த காய்ப்பு. காதில் கம்மலுக்குப் பதில் வேப்பங்குச்சி. தலையை ஒரு பக்கம் சாய்த்து, யாரோ தப்பாகச் சொன்னதைத் திருத்தப் போகிறவள் போல் பார்க்கிறாள்.

வெளிச்சம் போதாத இடத்தில் எடுத்த படம். அவசரப்பட்டு ஒருவரை அடையாளம் சொல்லிவிட முடியுமா?

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றியது குழந்தைவேல். வெள்ளை வேட்டி, ஆயிரம் லட்டு. மூன்று நாள் முன்னால் இவர் கம்பெனியிலிருந்து பிள்ளைகளை வேனில் ஏற்றிப் போனார்கள். இன்று இவர் எங்கள் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் பற்றிப் பேசுகிறார். பெருக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் கட்டி மேடையில் நிறுத்திக் கைதட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? மாற்ற முடியாது, அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது என்றார் ஹெச்.எம். சார்.

கூட்டம் முடிந்து என்னிடம் வந்தார். கை கூப்பினார்.

"டீச்சர், உங்க ரெஜிஸ்டர் இருந்ததாலதானுங்க நாங்க தலை நிமிந்து நிக்கறோம். சூப்பர்வைசர் ஏதோ தெரியாத்தனமாப் பண்ணிப்போட்டான். கவர்மெண்ட் ரெக்கார்டு ஸ்ட்ராங்கா இருக்குது, யாரு என்ன சொல்ல முடியும்னு வக்கீலு சொல்லிட்டாருங்க. ஸ்கூலுக்கு ஏதாச்சும் வேணும்னாக் கேளுங்க. பாத்ரூம் கதவு சரியில்லைன்னு சொன்னாங்க."

லட்டு என் கையில் இருந்தது. அந்த மனிதர் எனக்கு நன்றி சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தன் ஆள் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். நினைத்தால் உடம்பு எரிகிறது. அதை அவர் தப்பாகவும் சொல்லிவிடவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மினதியிடம் போனேன். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். கையளவு அறை. சுவரில் எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்புச் சான்றிதழ், முதல் பரிசு, லிபிகா சாஹு.

மினதிக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். ஆனால் தெளிவாகச் சொன்னாள். ஜூனில் கம்பெனி புதுச் சட்டம் போட்டது. ஒரு அறைக்கு இரண்டு ஆள் வேலைக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் காலி செய். புருஷன் சூரத்தில். வேறு ஆள் யார்? அட்டை சூப்பர்வைசரே கொண்டு வந்தான்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, மினதி" என்றேன். குரல் என்னையும் மீறி உயர்ந்துவிட்டது. "நான் வந்தேனே, கேட்டேனே."

"அன்னிக்கு அவ இங்கதான், டீச்சர்." திரையைக் காட்டினாள். "இதுக்குப் பின்னாடி. பேசாத-னு நான் சொன்னேன். நீங்க டப்பா பாத்தீங்க. ரெண்டு டப்பா. பாத்ததை நான் பாத்தேன். இன்னொரு வாட்டி கேப்பீங்கன்னு அவ நெனச்சா. கேக்கல."

நான் அந்தத் திரையைப் பார்த்தேன்.

"முதல்ல அவ சந்தோஷமாத்தான் போனா. பத்து நாள்-னு சொன்னா. பத்து நாள் ஸ்கூல் போகலன்னா ஆளு வரும், டீச்சர் வரும், காதைத் திருகி இழுத்துட்டுப் போகும். கம்பெனி பயந்துரும்-னு சொன்னா. நாள் எண்ணினா. பத்து, பதினஞ்சு, இருபது. யாரும் வரல. அப்பறம் எண்ணல."

காதைத் திருகி இழுத்து வருவேன் என்று சொன்னது உண்மைதான். ஜூன் முதல் வாரம், வகுப்பு முழுக்கச் சிரிக்க, நான்தான் சொன்னேன். அந்தப் பிள்ளை அதை நம்பித் துணி அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். ஆள் வரவேண்டிய ஒவ்வொரு நாளும் நான் இங்கே உட்கார்ந்து கோடு போட்டு அந்த ஆளை வராமல் தடுத்திருக்கிறேன்.

"இருபத்தொன்றாம் தேதி நீ என்ன சொல்லப் போறே?" என்று கேட்டேன்.

"மகள்-னு சொன்னா ரூம் போகும். நாத்தனார்-னு சொன்னா மகள் போகும்" என்றாள். பிறகு என்னைக் கேட்டாள். "நீங்க என்ன சொல்லுவீங்க, டீச்சர்?"

ஆகஸ்ட் 18, திங்கள்

ஹெச்.எம். சாரிடம் சொன்னேன், பதிவேடு பொய் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று. கதவைச் சாத்தினார்.

"டீச்சர், பதினேழு பி-ல ஒழுங்கு நடவடிக்கை மெமோ வரும், தெரியுமுங்களா? இன்க்ரிமெண்ட் போயிரும். சஸ்பெண்ட் ஆனாலும் ஆகலாம். ரிட்டயராக இன்னும் நாலு வருசந்தான இருக்குது. எண்ணிக்கை அறுபதாகி ஒரு போஸ்ட் போயிரும். ஒரு புள்ளைக்காக ஸ்கூலையே கவுத்தோணுமுங்களா?"

"ஸ்கூல்னா புள்ளைங்கதானே சார்?"

"என்னைய மாட்டி விட்டறாதீங்" என்றார். அவ்வளவுதான் அவர் கவலை. கோடு போடச் சொன்ன வாய்க்கு எந்தத் தாளிலும் சாட்சி இல்லை. போட்ட கை மட்டும் என்னுடையது. நல்ல ஏற்பாடு.

பிறகு பெனாசிரைக் கூப்பிட்டு, "உன்னைக் காப்பாத்தணும்னுதான் இப்படிச் செஞ்சேன். இப்ப முடியாமப் போச்சு. மனசு கஷ்டமா இருக்கு" என்றேன். அவள் குழந்தைக்குப் பால் எடுத்து வைத்த பாட்டிலை மூடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்த பார்வையில் கொஞ்சமும் நன்றி இல்லை.

"எனக்காகன்னு சொல்லாதீங்க டீச்சர். நான் இந்த ஸ்கூலுக்கு வந்து ஆறு வருஷமாச்சு. நீங்க வந்து பதினாலு மாசம். உபரின்னா கடைசியா வந்தவங்கதான் போகணும். அந்த லிஸ்ட்ல கடைசிப் பேரு உங்களுது. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ஜூலை ஒன்பதாம் தேதி கூட்டத்திலேயே தெரியும். இந்த நோட்டிலும்கூட நான் பெனாசிர் என்றே எழுதி வைத்திருக்கிறேன். யாரும் படிக்கப் போகாத நோட்டு. இதில் யாரை ஏமாற்றினேன்?

ஆகஸ்ட் 20, புதன்

எழுதிவிட்டேன். ஒரு பக்கம். விதியைத் திட்டவில்லை, ஹெச்.எம். சாரை இழுக்கவில்லை, பெனாசிர் பெயரை எடுக்கவில்லை. நான்கு தாள் கிழித்த பிறகுதான் அது முடிந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

குழந்தைகள் நலக் குழு உட்காருவது ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். நீள மேசை, தலைவர் ஓய்வு பெற்ற மருத்துவர், இரண்டு உறுப்பினர்கள். ரெஜினா ஓரமாக. இந்தப் பக்கம் கம்பெனி வக்கீல். மினதி சுவரோடு ஒட்டி நின்றாள். லிபிகாவை இல்லத்து அம்மா கூட்டி வந்து உட்கார வைத்தார். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு மின்விசிறியைப் பார்த்தாள்.

"உன் பேர் என்னம்மா?" என்றார் தலைவர்.

"புஷ்பா." தமிழ் புரியாதவள் போலச் சற்று நேரம் எடுத்துக்கொண்டு சொன்னாள்.

மினதியைக் கேட்டார்கள். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

நான் எழுந்து, அந்தப் பெண் லிபிகா சாஹு, என் வகுப்பு மாணவி, பதிவேட்டில் இருப்பது பொய் என்றேன். வக்கீல் சிரித்தார்.

"அப்ப கவர்மெண்ட் பதிவேட்டுல பொய் எழுதினவங்க நீங்க. முந்தா நேத்து வரைக்கும் பொய். போட்டோவைக் காட்டினப்பவும் தெளிவா இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. இன்னிக்கு மட்டும் எப்படிங்க உண்மை வந்துச்சு? உங்க பேச்சை எதை வெச்சு நம்பறது?"

சரியாகத்தான் கேட்டார், அதுதான் கொடுமை. எழுதிக் கொண்டுவந்ததைப் படிக்கிறேன் என்றேன். தலைவர் சம்மதித்தார். தாளை மேசை மேல் வைத்துக்கொண்டு படித்தேன்.

"எட்டாம் வகுப்பு மாணவி லிபிகா சாஹு ஜூன் 26 முதல் பள்ளிக்கு வரவில்லை. அவள் வந்ததாக ஒவ்வொரு நாளும் நான் பொய்யாகப் பதிவு செய்தேன். அவளைத் தேடி ஆள் வராமல் போனதற்கு நானே காரணம். அவள் வீட்டு வாசலுக்கு நான் போயிருக்கிறேன். அவள் ஊருக்குப் போகவில்லை என்பதை அங்கேயே விளங்கிக்கொண்டேன். விளங்கிக்கொண்டும் திரும்பி வந்தேன். என் பணியிடம் பறிபோகக் கூடாது என்பதே காரணம். அவளிடம் நான் மன்னிப்பு..."

"இருவத்தஞ்சு."

எல்லோரும் திரும்பினார்கள். லிபிகா மின்விசிறியைப் பார்க்கவில்லை, என் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருவத்தாறு இல்ல டீச்சர். இருவத்தஞ்சு, புதன்கிழமை. அன்னிக்கு நீங்க அறிவியல் டெஸ்ட் வெச்சிருந்தீங்க. நான் படிச்சிருந்தேன்." அதற்கு மேல் குரல் உடைந்தது. "எல்லாப் பாடமும் படிச்சிருந்தேன்."

ஜனவரியில் ஒடிசாவிலிருந்து வந்த புஷ்பாவுக்கு ஜூன் மாதத்து அறிவியல் தேர்வு எப்படித் தெரியும் என்று வக்கீலை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. மினதி சுவரை விட்டு வந்து மகளைப் பிடித்துக்கொண்டு, "மகள், சார், எம் மகள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இருபத்து மூன்று பெயரையும் உரக்கக் கூப்பிட்டேன். இருபத்திரண்டு கோடு. ஒரு சிவப்பு. பாப்பாத்தியக்கா இருபத்திரண்டு முட்டை அவித்தார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

குழந்தைவேலின் ஆட்கள் வந்து குடிநீர் மிஷினைச் சர்வீஸுக்கு என்று கழற்றிக்கொண்டு போனார்கள். அது திரும்பி வராது என்று சுவரில் இருக்கிற நான்கு ஓட்டைக்கும் தெரியும். சட்டம் ஒன்று அவர் மேல் பாய வேண்டும், பாயும் என்கிறார் ரெஜினா. சூப்பர்வைசர் மேல்தான் பாயும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மினதியைச் சொன்ன மாதிரியே காலி செய்ய வைத்துவிட்டார்கள். பெனாசிர் தன் வீதியில் ஓர் அறை பார்த்துக் கொடுத்தாள். வேறு கம்பெனியில் வேலையும் கிடைத்திருக்கிறது. என்னிடம் இதை அவள் சொல்லவில்லை, சுமன் சொன்னான். இப்போது அவன் சொன்னால் கேட்கிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

இரண்டு உறை ஒரே நாளில். ஒன்று, திருமதி சி. சகுந்தலாமணி, பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்), உபரி. முப்பதாம் தேதி மாலை விடுவிக்கப்படுகிறார். போக வேண்டிய பள்ளிக்கு இரண்டு பஸ். இன்னொன்று, பதினேழு பி. வருகைப் பதிவேட்டில் பொய்யான பதிவுகள் செய்தமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்குப் பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும்.

பதிவேடு கெட்டுப்போனதற்குத்தான் விளக்கம் கேட்கிறார்கள். இரண்டு பக்கத்தில் அந்தப் பிள்ளையின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. ஒரு கட்டம் தப்பாக நிரப்பியதற்கு நான் குற்றவாளி, ஒரு குழந்தை ஏழு வாரம் துணி அடுக்கியதற்கு யாருமே இல்லை. பத்துப் பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பிறகு, "நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை" என்று ஒரு வரி எழுதி ஹெச்.எம். சாரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, தன் பெயர் இல்லை என்று தெரிந்ததும் தேநீர் வரவழைத்தார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

லிபிகா வந்தாள்.

மணி அடித்து ஐந்து நிமிடம் கழித்து, பழைய சீருடை, கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. முன் பெஞ்சில் அவள் இடத்தை மற்ற பிள்ளைகள் காலியாகவே வைத்திருந்தார்கள். அவள் அங்கே உட்காராமல் கடைசி பெஞ்சுக்குப் போனாள். எனக்கு வணக்கம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

பதிவேட்டைத் திறந்தேன். என் கையெழுத்து, நான் போட்ட கோடுகள், எல்லாவற்றின் மேலும் விசாரணைக்காரர்கள் போட்ட சிவப்பு வட்டங்கள். வரிசையாகக் கூப்பிட்டேன். பதினொன்றாவது பெயர் வந்தது.

"லிபிகா சாஹு."

பதில் இல்லை. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மறுபடியும் கூப்பிட்டேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, கோட்டைப் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகலாம். கை தாளிலிருந்து அரை அங்குலம் மேலே நின்றது. குனிந்துகொண்டே எத்தனை நாள் போட்டேன்! இனிமேல் பதில் வராமல் போடுவதில்லை என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அடுத்த வீதித் தையல் மிஷின்கள் மட்டும் கேட்டன.

அவள் எழுந்து நின்றாள்.

"இருக்கேன் டீச்சர்" என்றாள். "பாத்துட்டுப் போடுங்க."

தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தேன். பிறகு ஒரு கோடு போட்டேன்.